பிரித்தானியப் படங்களும் உழைப்பவர் முகமும்

இலண்டனிலே ஒருவர் மாலையிற் கடிதமொன்றை எழுதி, உறையிலிட்டு, முத்திரையொட்டித் தபாற் பெட்டியிற் போடுகின்றார். மறுநாட் காலையில் அக்கடிதம் 400 மைலுக்கு அப்பால், ஸ்கொத்லாந்திலே ஒரு வீட்டு வாயிலில் வந்து விழுகின்றது. இடைப்பட்ட இரவில் அதற்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதியவரும் அறியார், பெற்றவரும் அறியார். ஓடும் புகைவண்டியினுள்ளே நின்றபடி, கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து மாடங்களில் இட்டுக்கொண்டிருந்த தபாற் சேவகர்களைப் பற்றி எவரும் எண்ணியதுமில்லை. 1936 ஆம் ஆண்டில் வெளிவந்த 'நைற் மெயில்' என்னும் 24 நிமிடக் குறும்படம் அம்மனிதரை முதன்முதலாக வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. கொழும்புக் கோட்டையில் இரவு மெயில் வண்டியேறி யாழ்ப்பாணம் சென்று பழகியவர்களுக்கு அப்படத்தின் ஒலியும் இருளும் அந்நியமாய்த் தோன்றமாட்டா.

அதனைத் தயாரித்தது படக் கம்பனி எதுவும் அன்று. பிரித்தானியத் தபாற் பகுதியே தயாரித்தது. ஹரி வொட், பஸில் ரைட் என்னும் இருவர் நெறியாண்டனர். கவிஞர் டபிள்யூ. எச். ஓடன் இறுதிப் பகுதிக்குப் பாட்டெழுதினார். பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்தார். பாட்டின் சந்தம் சக்கரங்களின் ஓட்டத்தோடு ஒத்துச் செல்லுமாறு அமைந்தது. ஆயினும் அப்படத்தில் மனத்தைவிட்டு அகலாத கட்டம் பாட்டுள்ள இடமன்று. வண்டி நில்லாமல் ஓடும்போதே தபாற் பையை வெளியே நீட்டி, பாதையோரத்து வலையிலே விழச் செய்யவேண்டும். எப்போது நீட்டுவது? வெளியே காரிருள். புதிதாய்ச் சேர்ந்த இளைஞனுக்கு மூத்த சேவகர் கணக்குச் சொல்லிக் கொடுக்கின்றார். இரண்டு பாலங்கள் கடந்ததை ஓசையால் அறிந்துகொண்டு, அதன்பின் தண்டவாள இணைப்புகளின் மீது சக்கரம் எழுப்பும் தட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிவரவேண்டும். கண்ணால் அறிய இயலாததைக் காதால் அறியும் இவ்வித்தை எந்த நூலிலும் எழுதப்பட்டதன்று. கைக்குக் கை வந்தது. படம் அதனை அவசரமின்றிக் காட்டுகின்றது.

வண்டிக்குள்ளே நிகழ்வனவாகத் தோன்றுங் காட்சிகள் கலையகத்தில் அமைத்த பெட்டியொன்றிலேயே எடுக்கப்பட்டன. வேலை செய்தவர்கள் உண்மையான தபாற் சேவகர்கள். வண்டி ஆடுவதுபோலச் சற்று அசைந்து நிற்கும்படி அவர்களிடம் சொல்லப்பட்டது. இதனைப் பொய் என்று தள்ளுவோர் உளர். ஆனால் அக்கைகளின் வேகம் நடிப்பால் வந்ததன்று. ஆண்டுக்கணக்காகக் கடிதம் பிரித்த கைகளுக்கே அந்த வேகம் வரும்.

இவ்வகைப் படங்களுக்கு வித்திட்டவர் ஜோன் கிரியர்சன் என்னும் ஸ்கொத்லாந்தியர். 1929 இல் அவர் எடுத்த 'டிறிவ்ற்றர்ஸ்' வடகடலிலே ஹெறிங் மீன்பிடிக்கச் செல்லும் தொழிலாளரைப் பற்றியது. பேரரசின் விளைபொருள்களை விற்பனை செய்வதற்கென அமைந்த அரசாங்கச் சபையொன்றே அதற்குப் பணம் கொடுத்தது. விளம்பரத்துக்கு வந்த பணத்தில் வலையிழுப்பவனின் முதுகையும் முகத்தையும் படம் பிடித்தது கிரியர்சனின் சாமர்த்தியம் எனலாம். அதுவரை ஆங்கிலப் படங்களிற் கூலியாளும் பணியாளும் பெரும்பாலும் சிரிப்பு மூட்டவே வந்தனர். 1933 இல் அச்சபை கலைக்கப்பட்டபோது கிரியர்சனும் அவருடைய இளைஞர் குழுவும் தபாற் பகுதிக்கு மாறினர். விவரணப் படம் என்று நாம் இன்று வழங்கும் கலை அங்கே ஒரு பள்ளிக்கூடமாக வளர்ந்தது.

அக்காலத்துப் பிரித்தானியக் கதைப்படத் தொழிலின் நிலை இரங்கத்தக்கது. 1920களின் நடுவில் அந்நாட்டுத் திரையரங்குகளிற் காட்டப்பட்ட படங்களுள் உள்நாட்டுப் படங்கள் நூற்றுக்கு 5 வீதமளவே. ஏனையவற்றுட் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வந்தவை. 1927 ஆம் ஆண்டுச் சட்டம் உள்நாட்டுப் படங்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கிற்று. அதன் விளைவாகப் பங்கை நிரப்புவதற்கென்றே மலிவாகவும் விரைவாகவும் படங்கள் செய்து குவிக்கப்பட்டன. அவற்றுட் பலவற்றை இன்று எவரும் தேடிப் பார்ப்பதில்லை. ஒரே மொழி பேசும் பெரிய அயலாரை உடைய சிறிய படத்தொழிலுக்கு நேரும் இடர் இது. 1960களிலே தலையெடுத்த இலங்கைத் தமிழ்ப் படத்தொழிலும் இதனையே கண்டது. பணத்திலும் பகட்டிலும் ஹொலிவூட்டோடு போட்டியிட்டு வெல்ல இயலாதென்பது தெளிவாயிற்று. பிரித்தானியப் படத்துக்கு ஒரு முகம் வாய்த்ததெனின், அது கிரியர்சனின் குறும்படப் பள்ளி காட்டிய வழியால் வாய்த்தது. தன் ஊர், தன் மக்கள், அவர் செய்யும் வேலை, அவர் பேசும் பேச்சு என்பவற்றை உற்றுநோக்குவதே அவ்வழி. அதனைக் கடைப்பிடித்த படங்கள் நின்றன. அதிலிருந்து தவறிய இடங்களும் உண்டு. அவற்றுள் இரண்டு இலங்கை மண்ணிலே எடுக்கப்பட்டவை.

முதலாவது 'சோங் ஒப் சிலோன்'. தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில், 1934 ஆம் ஆண்டில், பஸில் ரைட் இலங்கைக்கு வந்து எடுத்த படம். தனித்தனியான நான்கு சிறு பயணப் படங்களே முதலிற் கேட்கப்பட்டன. அவர் அவற்றை நான்கு பகுதிகளையுடைய ஏறத்தாழ 40 நிமிடப் படமொன்றாக ஆக்கினார். சிவனொளிபாத மலையேறும் யாத்திரிகர், மலையுச்சியில் ஒலிக்கும் மணி, அவ்வோசையில் எழுந்து பறக்கும் பறவை, பொலன்னறுவைக் கல்விகாரையில் வணங்கும் தனிமனிதன் என அதன் காட்சிகள் இன்றும் புதுமை குன்றாதவை. மூன்றாம் பகுதியில் வாணிபத்தின் குரல்கள் கேட்கின்றன. யானை மரத்தை முட்டிச் சாய்க்கும். தொழிலாளர் கொழுந்து பறிப்பர். மேலே சந்தை விலைகளும் கப்பற் செய்திகளும் இலண்டன் குரல்களில் ஓயாது ஒலிக்கும். ஒலியையும் காட்சியையும் இவ்வாறு மோதவிட்டு மூன்றாவதொரு பொருளைப் பிறப்பிக்கும் உத்தியை அக்காலத்தில் அத்துணை நுட்பமாகக் கையாண்டவர் சிலரே. 1935 இல் பிரசல்ஸ் நகரத்து விழாவிலே அது முதற் பரிசு பெற்றது முற்றும் பொருந்தும்.

படத்துக்குரிய விவரணத்தை ரைட் புதிதாக எழுதவில்லை. கண்டியரசனின் கைதியாய் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இத்தீவில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலிருந்து பகுதிகளை எடுத்துக்கொண்டார். அவற்றை வாசித்த குரல் கொழும்பைச் சேர்ந்த லயனல் வெண்டுடையது. புகைப்படக் கலைஞரும் பியானோ வல்லுநருமான அவருடைய பெயரைக் கொழும்பிலுள்ள அரங்கு இன்றும் தாங்கி நிற்கின்றது. பழைய நடையும் அமைதியான குரலும் படத்துக்குத் தனியழகு கொடுத்தன என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த அழகின் உள்ளேயே ஒரு குறையும் இருந்தது. நொக்ஸ் எழுதிய காலத்தில் இலங்கையில் தேயிலை இல்லை. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்திலே வாணிப முறையில் அதனைப் பயிரிட்டது 1867 இல். நொக்ஸின் காலத்திலே தோட்டத்துத் தமிழரும் இல்லை. எனவே, தேயிலைக்காகவே எடுக்கப்பட்ட அப்படத்தில், தேயிலை பறிப்பவரைப் பற்றிச் சொல்லக்கூடிய குரல் ஒன்றேனும் இல்லாது போயிற்று. அவர் கைகள் திரையில் வருகின்றன, கூடை நிறைகின்றது, பேசுவோர் நொக்ஸும் இலண்டன் தரகருமே. தென்னிந்தியாவிலிருந்து வந்து, காடு வெட்டி, மலைச்சரிவெங்கும் கன்று நட்ட ஒரு சமூகம், பிறர் பேசும் கதைக்குப் பின்னணியாய் நிற்கின்றது. சிங்களக் கிராமத்தின் நெசவையும் குயவனின் சக்கரத்தையும் அத்துணைப் பரிவோடு கண்ட அதே கண், லயத்து வாசலை எட்டிப் பார்க்கவில்லை. பணங் கொடுத்தவர் தேயிலைச் சபையினர் என்பதையும் மறத்தலாகாது. தோட்டத்துப் பெண்ணைப் பெயரிலேயே தாங்கிய 'தோட்டக்காரி' என்னும் தமிழ்ப் படம் இலங்கையில் வெளிவந்தது 1963 இல்.

உழைப்பவரைப் பேசவிடும் கருத்து அக்குழுவினருக்குத் தோன்றாமலும் இல்லை. அடுத்த ஆண்டே, 1935 இல், எட்கர் ஆன்ஸ்ரி, ஆதர் எல்ற்றன் என்போர் 'ஹவுசிங் புறொப்ளம்ஸ்' என்னும் குறும்படத்தை எடுத்தனர். இலண்டன் சேரிகளில் வாழ்வோர் தத்தம் வீட்டிலே நின்று, படக்கருவியை நேரே பார்த்து, எலியையும் மூட்டைப் பூச்சியையும் இடிந்து விழும் சுவரையும் பற்றித் தம் சொந்தப் பேச்சிலே சொல்லுகின்றனர். எழுதிக் கொடுத்த வசனம் அன்று. கிரியர்சனின் சகோதரி ரூபி அவர்களோடு பழகிக் கூச்சத்தைப் போக்கிப் பேசவைத்தார். சமையல் வாயு விற்கும் கம்பனிகளின் சங்கம் தந்த பணத்தில் எடுக்கப்பட்ட படம் அது. புதிய வீடுகள் எழுந்தால் வாயு அடுப்பு விற்கும் என்பது அவர்கள் கணக்கு. பணம் எந்த நோக்கத்தோடு வந்தாலும், சுவரைச் சுட்டிக்காட்டிப் பேசும் அப்பெண்களின் குரல் நோக்கத்தை மீறி நிற்கின்றது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சாதாரண மனிதரின் வாக்குமூலம் இன்று அன்றாடச் செய்தியாகிவிட்டது. அன்று அது பெரும் புதுமை.

யுத்தகாலம் இப்பள்ளிக்குப் புதிய வேலை கொடுத்தது. தபாற் பகுதியின் படக்குழு 1940 இல் 'கிறவுன்' படக்குழு எனப் பெயர் மாறிற்று. அதிற் பணிசெய்த ஹம்ப்ரி ஜெனிங்ஸ் கவிஞரின் மனமுடையவர். ஸ்டுவர்ட் மக்கலிஸ்டரோடு சேர்ந்து 1942 இல் அவர் அளித்த 'லிஸன் ரு பிரிட்டன்' வானொலி நேயர் விரும்பத்தக்க படம். ஏனெனில் அது கேட்பதற்கென்றே செய்யப்பட்டது. இருபது நிமிடங்களுக்கு விவரணம் சொல்லும் குரலே இல்லை. வயலின் மேல் பறக்கும் போர் விமானங்கள், தொழிற்சாலை இயந்திரங்கள், நிலக்கரி வண்டிகள், பாடசாலை முற்றத்துப் பிள்ளைகள், உணவுச்சாலையிலே தொழிலாளர் முன் பாடும் நகைச்சுவைப் பாடகர் இருவர், தேசிய ஓவியக்கூடத்தில் மைரா ஹெஸ் வாசிக்கும் பியானோ ஆகிய யாவும் ஒன்றன் மேலொன்றாய் வந்து கலக்கின்றன. தொழிலாளரின் பாட்டும் மொஸார்ட்டின் இசையும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. 1943 இல் வந்த 'பயர்ஸ் வெயர் ஸ்ராட்டட்' தீயணைப்புப் படையினரின் ஓர் இரவைக் கூறுவது. அதில் நடித்தோர் குண்டுமழையிடையே உண்மையிலே தீயணைத்த மனிதர்கள். கதை எழுதப்பட்டது, முகங்கள் எழுதப்பட்டவை அல்ல. விவரணமும் நாடகமும் அங்கே ஒன்றோடொன்று கைகோத்துவிட்டன.

அக்கைகோப்பு நகைச்சுவைக்குச் சென்ற வழி சுவையானது. இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஈலிங் என்னுமிடத்துச் சிறு கலையகத்தை 1938 முதல் நடத்திய மைக்கல் பல்கன், தபாற் பகுதிப் படக்குழுவிலிருந்து கவல்கன்ரியையும் ஹரி வொட்டையும் அழைத்துக்கொண்டார். மண்ணையும் தொழிலையும் உற்றுநோக்கும் பழக்கம் அவர்களோடு உள்ளே வந்தது. யுத்தம் முடிந்தபின் ஈலிங் வெளியிட்ட நகைச்சுவைப் படங்கள் உலகெங்கும் சிரிப்பை எழுப்பியதற்கு இதுவே வேர். 'கைன்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொறனெற்ஸ்' படத்திலே ஒரே குடும்பத்து எட்டுப் பாத்திரங்களில் அலெக் கின்னஸ் தோன்றியதைப் பலர் வியப்பர். அது நடிகனின் வித்தை. ஈலிங்கின் உள்ளம் வேறு இரண்டு படங்களில் உள்ளது.

முதலாவது 1949 இல் வெளிவந்த 'விஸ்கி கலோர்'. 1941 இல் 'எஸ். எஸ். பொலிட்டிஷன்' என்னும் கப்பல் ஏராளமான விஸ்கிப் போத்தல்களோடு ஸ்கொத்லாந்தின் மேற்கேயுள்ள எரிஸ்கே தீவருகே தரைதட்டிற்று. தீவினர் செய்ததை ஊகித்தல் எளிது. கொம்ப்டன் மக்கன்ஸி அதை நாவலாக்கினார். அலெக்சாண்டர் மக்கென்ட்றிக் படமாக்கினார். கலையகத்தை விட்டு அயலிலுள்ள பாறா தீவுக்கே போய், அத்தீவு மக்களையும் உடன் சேர்த்துப் படம் எடுக்கப்பட்டது. கப்பல் தட்டிய செய்தி வந்த சிறிது நேரத்தில் ஓய்வுநாள் பிறந்துவிடுகின்றது. தாகமோ பெரிது, கட்டளையோ அதனினும் பெரிது. நள்ளிரவு தொடங்கி மறு நள்ளிரவு வரை, கப்பல் மூழ்கிவிடுமோ என்று கரையிலே ஏங்கி நின்று, கடிகாரம் அடித்த பின்னரே தோணி தள்ளுகின்றனர். அவர்களின் பக்தியையும் படம் இகழவில்லை, களவையும் இகழவில்லை. ஒழுங்கைக் காக்க முயலும் ஆங்கிலேயத் தலைவரே நகைப்புக்கு உரியவராகின்றார். ஊரை உள்ளிருந்து அறிந்தவருக்கே இத்தகைய சிரிப்பு கைவரும்.

மற்றொன்று, அதே நெறியாளரின் 'த மான் இன் த வைற் சூற்' (1951). வட இங்கிலாந்துத் துணியாலையொன்றில் அடிமட்ட வேலை பார்க்கும் இளைஞன் என்றும் கிழியாத, என்றும் அழுக்குப் படியாத நூலைக் கண்டுபிடிக்கின்றான். அவனுடைய ஆய்வுக் கருவி குமிழியிட்டுத் தாளம் போடும் ஓசையே தனிப் பாத்திரம்போல் விளங்கும். உலகத்துக்கு நன்மை செய்ததாக அவன் எண்ணுகின்றான். முதலாளிகள் அஞ்சுகின்றனர், துணி தேயாவிடின் மறுபடி வாங்குவார் யார்? தொழிற்சங்கத்தினரும் அஞ்சுகின்றனர், ஆலை நின்றால் கூலி ஏது? ஒன்றுக்கொன்று பகையான இரு கூட்டமும் சேர்ந்து அவனைத் துரத்துகின்றன. துரத்தலின் நடுவிலே அவன் குடியிருந்த வீட்டுப் பக்கத்தில் துணி துவைத்துப் பிழைக்கும் முதியவள் எதிர்ப்பட்டு, துவைப்பதற்கு அழுக்கே இல்லாவிட்டால் தன் பிழைப்பு என்னாவது என்று கேட்கின்றாள். அவனிடம் விடையில்லை. சிரித்துக்கொண்டிருந்த அரங்கு அங்கே ஒரு கணம் மௌனமாகும். புதிய இயந்திரங்கள் வேலையைப் பறிக்குமோ என்று எல்லா நாடுகளும் இன்று வாதிடுகின்றன. அவ்வாதம் முழுவதையும் முதியவளின் ஒரு கேள்வியில் அடக்கிய படம் வேறொன்றைச் சொல்வது அரிது. 1955 இல் ஈலிங் கலையகம் பி.பி.ஸி.க்கு விற்கப்பட்டது.

நாடகப் படங்களிலே மாற்றம் சற்றுத் தாமதித்தே வந்தது. டேவிட் லீன் 1945 இல் அளித்த 'பிறீவ் என்கவுன்டர்' அன்பின் துயரத்தை அடக்கமாகச் சொன்ன அரிய படம். குண்டு விழும் அபாயம் குறைந்த இடமென்று வடபுலத்துக் கார்ன்போர்த் புகைவண்டி நிலையத்தில் இரவிரவாக எடுக்கப்பட்டது. மணமான இருவர் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில் சந்தித்துப் பிரிகின்றனர். அவ்விருவரின் கண்ணீர் நடுத்தர வகுப்பாரின் கண்ணீர். தேநீர் ஊற்றும் பெண்ணுக்கும் நிலையச் சேவகருக்கும் அதே அறையிலே ஒரு காதல் நடக்கின்றது. அதுவோ பார்ப்போர் சிரிப்பதற்கென வைக்கப்பட்டது. துயரப்படும் தகுதி ஒரு வகுப்பாருக்கு, சிரிக்கவைக்கும் கடமை இன்னொரு வகுப்பாருக்கு என்ற பழைய பாகப்பிரிவினை அவ்வளவு உயர்ந்த படத்திலும் நீடித்தது.

அதனை 1960 அளவில் வந்த இளைஞர்கள் மாற்றினர். அவர்களுட் சிலர் குறும்படத்திலேயே பயின்றவர்கள். லின்ட்ஸி அண்டர்சன் 1957 இல் எடுத்த 'எவ்றி டே எக்ஸெப்ற் கிறிஸ்மஸ்', இலண்டன் கொவென்ட் கார்டன் சந்தையிலே இரவு முழுதும் காய்கறியும் பூவும் இறக்குவோரைப் பற்றியது. அவருடைய தோழர் கறல் றைஸ் 1960 இல் 'சற்றடே நைற் அன்ட் சண்டே மோர்னிங்' படத்தைத் தந்தார். அதன் நாயகன் நொற்றிங்ஹாம் சைக்கிள் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவன். கதை எழுதிய அலன் சிலிற்றோ அதே தொழிற்சாலையில் வேலை செய்தவர். தொழிலாளி இங்கே எவரையும் சிரிக்கவைக்க வரவில்லை. அவனுக்குக் கோபம் உண்டு, காமம் உண்டு, பிழையும் உண்டு. கதை முழுதும் அவனுடையது.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர் யாவரும் காணத்தக்கது கென் லோச்சின் 'கெஸ்' (1969). யோர்க்ஷையரில் பார்ன்ஸ்லி என்னும் நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கத் தொழிலாளியின் மகனான பரி ஹைன்ஸ் எழுதிய கதை. பில்லி என்னும் சிறுவன் பாடசாலையிலும் வீட்டிலும் ஒன்றுக்கும் உதவாதவன் என்று பெயரெடுத்தவன். அவன் வல்லூறுக் குஞ்சொன்றை எடுத்து வளர்த்துப் பழக்குகின்றான். அப்பாத்திரத்தில் நடித்தவன் அவ்வூர்ப் பாடசாலை மாணவனே. பேசுவது அவ்வூர்ப் பேச்சே. ஒரு காட்சியில், புகைபிடித்த மாணவர்களோடு, செய்தி சொல்ல வந்து நின்ற சிறுபிள்ளையையும் சேர்த்து அதிபர் பிரம்பால் அடிக்கின்றார். பிள்ளை வாய்திறக்க இடமே கிடைப்பதில்லை. சிரிப்பு வரும், வந்த சிரிப்பு தொண்டையிலே நிற்கும். வேறொரு காட்சியில் ஓர் ஆசிரியர் பில்லியை எழுப்பி அவனுடைய பறவையைப் பற்றிச் சொல்லச் சொல்கின்றார். வாயே திறவாதவன் எழுந்து, காலிற் கட்டும் வார், இரை காட்டி அழைக்கும் முறை, முதன்முறை கயிறின்றிப் பறக்கவிட்ட நாளின் அச்சம் என்பவற்றை ஒழுங்காக, கலைச்சொற்களோடு எடுத்துரைக்கின்றான். வகுப்பு மெய்ம்மறந்து கேட்கின்றது. தபால் வண்டியிலே சக்கரவொலியை எண்ணக் கற்பித்த மூத்த சேவகரிடம் கண்ட அதே தொழிலறிவும் பெருமிதமும் இச்சிறுவனிடம் காணப்படுகின்றன. அவனுக்கு வேலை தேடித்தரும் அதிகாரியிடம் அவற்றைச் சொல்ல வாய்ப்பு நேர்வதில்லை.

எஞ்சியவை வீரசாகசப் படங்கள். இவ்வகையிலும் குறும்படப் பள்ளியின் கை தெரிவதுண்டு. ஹரி வொட் 1946 இல் ஈலிங்குக்காக அவுஸ்திரேலியாவிலே எடுத்த 'த ஓவர்லான்டர்ஸ்', 1942 இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சிப் பெருமந்தையொன்றைக் கண்டத்துக்குக் குறுக்கே ஓட்டிச்செல்வோரின் கதை. அதில் வீரமென்பது மாடு மேய்ப்பதை நன்கு அறிந்திருத்தலே. ஆனால் உலகறிந்த சாகசப் படம் அதுவன்று. களனி கங்கைக் கரையிலே எடுக்கப்பட்ட 'த பிறிட்ஜ் ஒன் த றிவர் க்வாய்'.

அப்படக்குழு இலங்கைக்கு வந்த காலத்தில் இங்கும் ஒரு குறும்படப் பள்ளி இருந்தது. 1948 இல் தொடங்கிய அரசாங்கப் படப்பகுதிக்குப் பின்னர் பொறுப்பேற்ற றால்ப் கீன் பிரித்தானிய விவரணப்பட மரபில் வந்தவர். இலண்டனிலிருந்த லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸை அவரே தாயகத்துக்கு அழைத்தார். வரண்ட பிரதேசத்தில் மலேரியாவை வென்ற வரலாறு போன்ற குறும்படங்களிற் கைபழகிய பீரிஸ், 1955 இல் அப்பகுதியை விட்டு விலகி, வில்லியம் பிளேக், ரைற்றஸ் தொட்டவத்த என்போருடன் 1956 இல் 'ரேகாவ' படத்தை வெளியிட்டார். தென்னிந்தியக் கலையகங்களுக்குள் அடைபட்டிருந்த சிங்களப் படம் அப்போதுதான் கிராமத்து வெயிலைக் கண்டது.

கிதுல்கலையிலே டேவிட் லீன் அமைத்த மரப்பாலம் 1957 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. முதல் முயற்சியில், படப்பிடிப்பாளருள் ஒருவரிடமிருந்து ஆயத்தச் சமிக்ஞை வராததால் வெடியைக் கொளுத்தாமல் விட, வண்டி பாலத்தைக் கடந்து அப்பாற் போய்த் தடம்புரண்டது. மறுமுறையே காட்சி கைகூடிற்று. அமெரிக்கப் பணமும் பிரித்தானிய நெறியாள்கையும் கலந்த அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. அவற்றுள் திரைக்கதைக்கான விருது மூலநாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூலுக்குக் கொடுக்கப்பட்டது வேடிக்கை. உண்மையில் எழுதியோர் கார்ல் போர்மன், மைக்கல் வில்சன் இருவருமே. அரசியற் காரணத்தால் ஹொலிவூட் அவர்களை ஒதுக்கியிருந்தமையால் பெயர் மறைக்கப்பட்டது. 1984 இல் அவ்விருதில் அவர்கள் பெயர் சேர்க்கப்பட்டபோது இருவரும் உயிரோடு இல்லை.

பெயர் மறைந்தோர் அவ்விருவர் மட்டுமல்லர். படத்தின் கதை, சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942, 1943 ஆம் ஆண்டுகளில் அமைத்த 415 கிலோமீற்றர் பாதையைச் சார்ந்தது. அலெக் கின்னஸ் நடித்த தளபதி எதிரிக்காகக் கட்டும் பாலத்திலே தன் மானத்தையே காண்கின்றான். வேலையின் மேலுள்ள பற்று மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அப்படம் ஆழமாகக் காட்டுகின்றது. அது வரை குறையில்லை. ஆனால் அந்தப் பாதையில் உழைத்த நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். அவர்களிற் பசியாலும் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் இறந்தோர் 90,000 அளவினர் என மதிப்பிடுவர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர். திரையிலே கைதிகள் சீழ்க்கையடித்து நடை போடுகின்றனர்; அத்தமிழர் எங்கும் இல்லை. தேயிலைப் படத்திலே கையாவது தெரிந்தது. இங்கே அதுவுமில்லை.

படத்தைப் பார்த்தவர்கள் தாய்லாந்துக்குச் சென்று க்வாய் ஆற்றுப் பாலம் எங்கே என்று கேட்கத் தொடங்கினர். உண்மையில் காஞ்சனபுரியிலுள்ள பாலம் மே குளோங் என்னும் ஆற்றின் மீது நின்றது. 1960 இல் அவ்வாற்றின் அப்பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் மாற்றப்பட்டது. கைதிகளின் கல்லறைகள் அந்நகரிலே பெயர் பொறித்த வரிசைகளாய் இருக்கின்றன. காட்டோரத்திலே புதைந்த தோட்டத் தமிழரின் கதையை மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலாக எழுதினார்.